ஜீப்பு வருதுடா!

புதுக்கோட்டை மாவட்டத்துல மலைன்னு பெருசா சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலைன்னு பேர்லதான் மலை இருக்கும். போய்ப் பாத்தா பாறைக் குன்று. வேர்க்க விறுவிறுக்க ஏறினாலும் அரைமணி நேரத்துல இறங்கிடலாம். பனி கிடையாது, பாலைவனம் கிடையாது, ஆத்து வெள்ளம்கூட எப்பவாவதுதான். செம்மண்ணு, பொட்டல், கண்மாய், தைலமரக் காடு. இப்படிப்பட்ட ஊருக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதுக்குங்க?

நியாயமான கேள்விதான். ஆனா எங்க ஆலங்குடி பக்கம் ஜீப்பைப் பாக்காத கிழவி ஒருத்தி கிடையாது. எங்க அப்பத்தாவுக்குக் காருக்கும் வேனுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாம் 'பிளசர்'தான். ஜீப்பு மட்டும் தனி. ஏன்னா ஜீப்புன்னா கவர்மெண்டு. கண்மாய்க் கரையில செம்புழுதி கிளம்புச்சுன்னா "ஜீப்பு வருதுடா"ன்னு யாராவது ஒரு பய கத்திக்கிட்டே ஊருக்குள்ள ஓடுவானாம். வர்றது தாசில்தாரா, போலீஸா, குடும்பக் கட்டுப்பாட்டுக்காரங்களா, அம்மை குத்த வர்றவங்களான்னு தெரியாது. எதுக்கும் இருக்கட்டும்னு ஆம்பளைங்க கொல்லைப் பக்கம் நடையைக் கட்டிருவாங்க :-)

ஒரு ஜீப்பு எங்க வீட்டுல இருபது வருஷத்துக்கு மேல நிக்குது. அதுவும் ஒரு காலத்துல கவர்மெண்டு ஜீப்புதான். கவர்மெண்டுகிட்ட இருந்து அது எப்படி எங்க வீட்டுக்கு வந்துச்சு, இனிமே அப்படி ஏன் ஒரு வண்டியும் வராதுங்கிறதைத்தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் வரணும், பொறுத்துக்கோங்க.

ஜீப் பொறந்த கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால வேகமா சொல்லிடறேன். 1940ல அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடுதாசி போட்டுச்சு. எடை கம்மியா, நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேணும், முதல் வண்டி 49 நாள்ல வரணும்னு. அத்தனை பேர்ல கெடுவுக்குள்ள வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினது பென்சில்வேனியாவுல முழுகிப்போற நிலைமையில இருந்த பான்டம்ங்கிற சின்னக் கம்பெனி. கார்ல் பிராப்ஸ்ட்டுன்னு ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்து ரெண்டே நாள்ல வரைபடம் போட்டாங்க. செப்டம்பர் 23ம் தேதி வண்டி ராணுவ முகாம் வாசல்ல. ஆனா பெரிய ஆர்டர் போனது வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். பான்டம் சின்னக் கம்பெனி, இத்தனை வண்டி செஞ்சு தள்ள முடியாதுன்னுட்டாங்க. யுத்தம் முடியறதுக்குள்ள அந்த ரெண்டு கம்பெனியும் ஆறு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க. பெத்தவனுக்குக் கிடைச்சது பின்னாடி கட்டி இழுக்கிற டிரெய்லர் ஆர்டர். உலகம் பூரா இதே கதைதான் போல.

அந்த வண்டியைப் பாத்துத்தான் இங்கிலீஷ்காரன் லேண்ட்ரோவர் செஞ்சான் (1948). ஜப்பான்ல டொயோட்டாவும் நிஸ்ஸானும் 1951ல இறங்கினாங்க. அந்த நிஸ்ஸானோட வாரிசுதான் நம்ம ராணுவத்துக்காக ஜபல்பூர்ல 1969ல இருந்து செஞ்ச ஜோங்கா.

நம்ம ஊருக்கு வருவோம். 1945ல மகிந்திரா சகோதரர்கள் ரெண்டு பேரும் மாலிக் குலாம் முகமதும் சேந்து 'மகிந்திரா அண்டு முகமது'ன்னு ஒரு இரும்பு வியாபாரக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. பிரிவினை வந்துச்சு. முகமது பாகிஸ்தான் போயி அங்க முதல் நிதியமைச்சர் ஆனார், அப்புறம் கவர்னர் ஜெனரலே ஆனார். இங்க கம்பெனி 1948ல 'மகிந்திரா அண்டு மகிந்திரா'வா மாறுச்சு. வில்லிஸ்கிட்ட இருந்து பாகம் பாகமா வாங்கி பம்பாயில பூட்ட ஆரம்பிச்சு, 1950கள்ல படிப்படியா இங்கயே செய்யத் தொடங்கினாங்க. மூக்கு தூக்கலா, பானட் உசந்து நிக்கும் பாருங்க, அந்த சி.ஜே. 3பி மாடல்தான் நம்ம ஆளுங்களுக்கு ஜீப்புன்னாலே ஞாபகம் வர்ற மூஞ்சி. உள்ள வெச்ச எஞ்சின் உயரம் கூட, அதை மூட பானட்டை உசத்திட்டாங்க, அவ்வளவுதான் அழகு ரகசியம். அமெரிக்காவுல 1960களோட அந்த மாடலை மூட்டை கட்டிட்டாங்க. நாம அந்த மூஞ்சியை 2000ம் வருஷத்தைத் தாண்டியும் விடலை.

(சுதந்திர இந்தியாவுல முதல்ல பேசப்பட்ட ஊழல் புகாரும் ஜீப்பு விவகாரம்தான். 1948ல காஷ்மீர் சண்டைக்காக லண்டன்ல வாங்கின பழைய ஜீப்புகள். தூதரா இருந்த கிருஷ்ண மேனன் மேல புகார். 155 வண்டி வந்து இறங்குச்சு, அதுவும் உபயோகத்துக்கு லாயக்கில்லன்னாங்க. 1955ல அரசாங்கமே ஃபைலை மூடிருச்சு. ஆக நாட்டு அரசியல்லயும் ஜீப்பு ஆரம்பத்துல இருந்தே ஆஜர்!)

இப்போ புதுக்கோட்டை. 1948 மார்ச் 3 வரைக்கும் இது தொண்டைமான் சமஸ்தானம். அப்புறம் திருச்சி ஜில்லாவோட சேத்தாங்க, 1974 ஜனவரி 14ல தனி மாவட்டம். நடுவுல இருக்கிற அந்த 26 வருஷத்துலதான் ஜீப்பு எங்க கிராமங்களுக்குள்ள வந்துச்சு. 1952 அக்டோபர் 2ல நேரு காலத்துச் சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க ஆரம்பிச்சது. ஊர்களையெல்லாம் பிளாக்கு பிளாக்கா பிரிச்சு, பிளாக்குக்கு ஒரு பி.டி.ஓ., அவருக்கு ஒரு ஜீப்பு. கீழ வேலை பாக்கிற கிராம சேவக்குக்கு சைக்கிள். யாரு பெரிய ஆளுன்னு சக்கரத்தை எண்ணிப் பாத்தே சொல்லிடலாம். அப்புறம் பஞ்சாயத்து யூனியன்கள் வந்துச்சு, சேர்மனும் அதே ஜீப்புல ஏறிக்கிட்டார். இன்னிக்கு இந்த மாவட்டத்துல 13 ஒன்றியம். அன்னவாசல், குன்றாண்டார்கோவில், அரிமளம், ஆவுடையார்கோவில்னு நீங்க எந்த ஊரைச் சொன்னாலும் அங்க இருக்கிற அறுபது வயசு ஆளுக்கு 'யூனியன் ஜீப்பு' ஞாபகத்துல இருக்கும்.

மலை இல்லாத ஊருக்கு ஜீப்பு எதுக்குன்னு கேட்டேனே, பதில் ரோட்டுல இருக்கு. சொல்லப்போனா ரோடே இல்லாததுல இருக்கு. எங்க மண்ணு வெயில்ல கல்லு, மழையில களிம்பு. ஐயாயிரத்துக்கும் மேல கண்மாயும் குளமும் இருக்கிற மாவட்டம், ஊருக்கு ஊர் போற வழியே கண்மாய்க் கரைதான். ஐப்பசி மழையில கலுங்கு வழிஞ்சா, ரோட்டு மேல முழங்கால் தண்ணி ஓடும். அம்பாசிடர் காரு அங்க நின்னுரும். மாட்டு வண்டி போகும், ஜீப்பு போகும்.

அந்த ஜீப்புல எது வந்துச்சுங்கிறதுதான் முக்கியம். நல்லதும் வந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்தார், உரம் வந்துச்சு, கிணறு வெட்ட கடன் வந்துச்சு. அப்புறம் மழை பொய்ச்சு கடனைக் கட்ட முடியலைன்னா, அதே ஜீப்புல ஜப்தியும் வந்துச்சு. அப்பத்தா அடிக்கடி சொல்லும், "கடங்குடுக்க வந்தப்ப ரோட்டுலயே நின்னு ஆரன் அடிச்சாக. கதவக் கழட்ட வந்தப்ப வாசலுக்கே வந்தாக." எங்க பங்காளி வீடு ஒண்ணுல நிலைக்கதவைக் கழட்டி ஜீப்புக்குப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். மூணு மாசம் சாக்கு தொங்கவிட்டுப் படுத்திருக்காங்க. குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்புல செவப்பு முக்கோணம் தலைகீழா வரைஞ்சிருக்கும். அதைப் பாத்ததும் ஓடினவங்க கதையை எழுதினா அது தனிப் பதிவு.

1973க்கு அப்புறம் பெட்ரோல் விலை எகிறுச்சு. பெட்ரோல் ஜீப்பைக் கட்டி மாரடிக்க முடியலை. மகிந்திரா கிட்ட ஏற்கனவே இன்டர்நேஷனல் டிராக்டர் கூட்டு இருந்துச்சு, அந்த டிராக்டர் டீசல் எஞ்சினை எடுத்து ஜீப்புக்குள்ள வெச்சாங்க. சத்தம் காதைக் கிழிக்கும், வேகம் கிடையாது, வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போதே ஆளை உலுக்கி எடுக்கும். ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. என் பார்வையில இந்தியக் கிராமத்துல ஜீப்பு நிலைச்சதுக்கு நாலு சக்கர இழுவையை விட இந்த எஞ்சின்தான் காரணம். சொல்லப்போனா பாதி கவர்மெண்டு ஜீப்புல முன்சக்கர இழுவையே கிடையாது, ரெண்டு சக்கரம்தான்! டிராக்டர் எஞ்சின் வந்ததும், டிராக்டர் மெக்கானிக் இருக்கிற ஊருல எல்லாம் ஜீப்பு மெக்கானிக்கும் இருந்தாருன்னு ஆகிப்போச்சு. அறந்தாங்கியிலயோ கந்தர்வகோட்டையிலயோ நடு ரோட்டுல நின்னா திருச்சிக்குக் கட்டி இழுக்க வேண்டாம்.

1980கள்ல பிரான்ஸ் நாட்டு பியூஜோ எஞ்சின் (எங்க ஊரு வாயில 'பீஜோ') வந்துச்சு, 2112 சி.சி. டீசல். அதைப் போட்ட எம்.எம். 540ங்கிற மாடல்தான் எங்க வீட்டுல நிக்கிறது. 1989 வண்டி. நம்பருக்கு நடுவுல 'ஜி' இருந்தா அது கவர்மெண்டு வண்டின்னு தமிழ்நாட்டுல சின்னப் பையனுக்கும் தெரியும். இது ஏதோ ஒரு ஆபீசுல பதினாலு வருஷம் ஓடி, 2003ல ஏலத்துக்கு வந்துச்சு. ஏலம் விடற வண்டியைக் 'கண்டம்' பண்ணின வண்டின்னு சொல்லுவாங்க. அது இங்கிலீஷ் வார்த்தைதான், ஆனா எங்க அம்மாவுக்கு ஜோசியக் கண்டம்தான் காதுல விழுந்துச்சு. "கண்டத்துல இருக்கிற வண்டியைக் காசு குடுத்து வாங்குவாகளா"ன்னு ஒரு வாரம் அப்பாகிட்ட பேசலை. 68,000 ரூபாய். பேட்டரி இல்ல, ஸ்டெப்னி இல்ல, சீட்டுக்குள்ள எலி குடும்பம். முன்சக்கர இழுவை மட்டும் இருந்துச்சு. அதுக்காகத்தான் அப்பா எடுத்தார்.

அப்போ எங்களுக்குப் பலாவும் தென்னையும் இருந்துச்சு. பலாப்பழம் ஏத்த, உர மூட்டை ஏத்த, கருது அடிக்கிற மிஷினை இழுக்க, எல்லாத்துக்கும் ஜீப்பு. வாங்கின மொத வருஷம் செலவு வாங்கின விலையில பாதியைத் தொட்டுச்சு. ஆலங்குடி மெக்கானிக் பாய்தான் அதுக்குக் குலதெய்வம். "தம்பி, இது வண்டி இல்ல, மாடு. தெனம் தடவிக் குடுக்கணும்"பார். உண்மைதான். பட்டைக்கு கிரீஸ் அடிக்கணும், கிங்பின் தேஞ்சா அறுபதுல போறப்ப ஸ்டீயரிங் பேய் புடிச்ச மாதிரி ஆடும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, நின்ன இடத்துல திருப்பினா தோள்பட்டை கழண்டுரும். மழை வந்தா தார்ப்பாய் வழியா நேரா மடியில ஒழுகும். வெயில் வந்தா எஞ்சின் சூடு காலுல. மைலேஜ் பத்து, நல்ல மனசோட இருந்தா பதினொண்ணு. இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டும் ஆசைப்பட்டு வாங்குறேன்னா வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன் :-)

நிறம் பத்தி ஒரு வார்த்தை. பசங்க வந்து "அண்ணே, ஆர்மி பச்சை அடிங்கண்ணே, செமையா இருக்கும்"பாங்க. அந்த ஆலிவ் பச்சையை ராணுவ வண்டியைத் தவிர யாரும் அடிக்கக் கூடாதுன்னு மோட்டார் வாகன விதியே இருக்கு. நாங்க ரொம்ப நாள் பழைய கவர்மெண்டு வெள்ளையையே வெச்சிருந்தோம். அதுல ஒரு வினை வந்துச்சு, சொல்றேன்.

2000க்கு அப்புறம் ஜீப்புக்கு வேலை கொறைய ஆரம்பிச்சது. 1997ல வந்த மினி பஸ் ஊருக்குள்ள நுழைஞ்சது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துல கப்பி ரோடெல்லாம் தார் ரோடாச்சு. ஆபீசருங்க பொலிரோவுக்கு மாறினாங்க. 2005ல டாடா ஏஸ், நம்ம 'குட்டியானை', வந்து மூட்டை ஏத்துற வேலையையும் பிடுங்கிக்கிச்சு. (வண்டி வரலாறுன்னா எங்க மாவட்டம் உலகத்துக்குத் தெரிஞ்சதே சைக்கிளால. 1990கள் தொடக்கத்துல ஷீலாராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொண்ணுங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. சாய்நாத் எழுதி அது எங்கெங்கயோ போச்சு. எங்க அத்தை அப்போ கத்துக்கிட்டவங்கதான். அவங்க ஓட்டினப்ப யாரும் கொல்லைப் பக்கம் ஓடலை.) எங்க வீட்டுலயும் ஜீப்பு கொட்டகையில ஒதுங்கிருச்சு. வித்துரலாம்னு பேச்சு வந்தப்பதான் கஜா வந்துச்சு.

2018 நவம்பர் 16 விடியக்காலை. வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல் எங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு படுத்தவங்க நாங்க. எந்திரிச்சுப் பாத்தா ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்துல நிமிந்து நின்ன மரமே கொஞ்சம்தான். தாத்தா வெச்ச பலா வேரோட கிடக்கு. தென்னை தீக்குச்சி மாதிரி கிடக்கு. கரண்டு கம்பம் ரோட்டுக்குக் குறுக்க. அன்னிக்கு ரெண்டாவது தடவையா ஜீப்பு ஜீப்பாச்சு. கியர் கம்பிக்குப் பக்கத்துல குட்டையா நிக்கிற அந்தக் கம்பிகளை அப்பா ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டார், முன்சக்கரம், அப்புறம் லோ. பசங்க மரம் அறுக்கிற மிஷினால துண்டு போட, சங்கிலி கட்டி ஜீப்பு இழுக்க, ஊர்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் உள்ள ரெண்டு கிலோமீட்டரைத் திறக்க சாயந்திரம் ஆயிருச்சு. பொலிரோவோ குட்டியானையோ அன்னிக்கு எங்க தெருவைத் தாண்டலை.

அடுத்த நாள் பக்கத்துல கொத்தமங்கலத்துல சனங்க மறியல் பண்ணினாங்க, குடிக்கத் தண்ணி இல்ல, கரண்டு இல்ல, யாரும் வந்து பாக்கலைன்னு. ராத்திரி பிரச்சினை முத்தி அரசாங்க வண்டிகளைக் கொளுத்திட்டாங்க. அப்புறம் போலீஸ் ஊருக்குள்ள வந்துச்சு, கைது நடந்துச்சு. கொளுத்தினது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எரிஞ்சது ஏன் வண்டியா இருந்துச்சுன்னு எனக்குப் புரியும். எங்க ஊருக்காரனுக்குக் கவர்மெண்டுன்னு கண்ணுல படறது அது ஒண்ணுதான். கட்டடம் புதுக்கோட்டையில இருக்கு, வண்டிதான் வாசலுக்கு வருது.

அந்த வாரம் ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு தெருத் தெருவா தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடப் போவோம். ஒரு தெருவுல ஒரு அம்மா ஓடி வந்து பானட் மேல கையை வெச்சு நிறுத்திட்டாங்க. "அய்யா, கணக்கெடுக்க வந்தீகளா? எங்க வீடு அந்தக் கடைசி. ஓடு பூராம் போச்சுய்யா." வெள்ளை ஜீப்பு, நம்பர்ல 'ஜி'. நாங்க கவர்மெண்டு இல்லம்மான்னு அப்பா சொன்னார். அந்தம்மா நம்பலை. "அப்படித்தான்யா எல்லாரும் சொல்றாக"ன்னுச்சு. அப்பா இறங்கி, அந்த வீட்டைப் போய்ப் பாத்து, என்கிட்ட நோட்டு கேட்டு வாங்கி பேரு, ஓடு எத்தனை, ஆடு எத்தனைன்னு எழுதிக்கிட்டார். அப்புறம் அந்தத் தெரு பூராவும் எழுத வேண்டியதாப் போச்சு. மறுநாள் அதைக் கொண்டுபோய் வி.ஏ.ஓ. கிட்ட குடுத்துட்டு வந்தார். அடுத்த பொங்கலுக்கு வண்டிக்கு நீலக் கலர் அடிச்சுட்டோம்.

இப்போ ஜீப்புக்கு மறுபடி மவுசு வந்திருக்கு, தார்ங்கிற பேர்ல. 2010ல முதல் தார், 2020 ஆகஸ்ட் 15ல புதுசு, 2024ல அஞ்சு கதவு ராக்ஸ். கடைசி ரெண்டையும் உருவாக்கினது நம்ம செங்கல்பட்டு ஆராய்ச்சி மையத்துலதான். புதுக்கோட்டை கீழராஜவீதியில ஒரு முகூர்த்த நாள்ல நின்னு எண்ணினா அஞ்சாறு போகும். ஏசி இருக்கு, பாட்டு இருக்கு, மழை ஒழுகாது. ஓட்டிப் பாத்தேன், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா உர மூட்டையை அதுல ஏத்த எவனுக்கும் மனசு வராது.

என் வருத்தம் வேற. 2023 ஏப்ரல் 1ல இருந்து மத்திய அரசு விதி ஒண்ணு அமலுக்கு வந்துச்சு. பதினஞ்சு வருஷம் தாண்டின அரசாங்க வண்டிக்குப் பதிவு புதுப்பிக்க முடியாது, பதிவு பெற்ற உடைப்பு மையத்துக்குப் போய் நொறுங்கணும். சட்டம் ஒழுங்கு, ராணுவம்னு சில சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. புகை குறையணும், பழைய டீசல் வண்டி கக்குற புகை நல்லதில்லன்னு எனக்கும் தெரியும், எங்க வண்டி ஸ்டார்ட் பண்ணினா பக்கத்து வீட்டு அக்கா துணியை உள்ள எடுத்துரும். ஆனா விதி வயசைத்தான் பாக்குது, வண்டியைப் பாக்கலை. பதினஞ்சு வருஷத்துல ஷெட்டுல நின்னதே பாதின்னு இருக்கிற வண்டியும் ஒண்ணுதான், பிழிஞ்சு எடுத்த வண்டியும் ஒண்ணுதான். அம்பது அறுபது வருஷமா, கவர்மெண்டு ஓட்டித் தள்ளின ஜீப்பை ஏலத்துல எடுத்து ஒரு சம்சாரி பத்துப் பதினஞ்சு வருஷம் பொழைச்சுக்குவான். வரி வசூல் பண்ணிப் போன வண்டியே ஒரு நாள் அவன் வாசல்ல மாடு மாதிரி கட்டிக் கிடக்கும். அந்த வழியை அடைச்சாச்சு. அதே சம்சாரிக்கு புது தார் எட்டாது.

எங்க மாதிரி தனியார் பேர்ல உள்ள பழசுக்கு இன்னும் இடம் இருக்கு, காசு இருந்தா. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். முன்னாடி 600 ரூபாய் இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2024ல அதைக் கட்டித்தான் ஓட்டுறோம். 2025ல இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000ன்னு உசத்திட்டாங்க. எங்களுக்கு அடுத்த கெடு 2029, அப்போ வண்டிக்கு நாப்பது வயசு. பசுமை வரி தனி.

அப்பாவுக்கு இப்போ கிளட்ச்சை மிதிக்க முட்டி ஒத்துக்கல, நான்தான் ஓட்டுறேன். பாய் கடையை அவர் மகன் பாக்குறான். கிங்பின் செட்டு திருச்சியில கிடைக்கும்னு சொல்லியிருக்கான், வர்ற ஞாயித்துக்கிழமை போகணும்.